நடந்துகொண்டிருந்தவன்

சோனியா ஆம்புலன்ஸ் வேலைக்கு வந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. கொள்ளேகாலில் நர்சிங் முடித்து, மைசூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் சேர்ந்தாள். நின்றுகொண்டே வேலை பார்த்துக் கால் வீங்கியது. ஆம்புலன்ஸுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கூடப் படித்த பெண் ஒருத்தி சொன்னாள். உட்கார்ந்தபடி போய்வரும் வேலையாக இருக்கும் என்று நினைத்து மனுப் போட்டாள். கிடைத்துவிட்டது. அப்போது அவளுக்கு இருபத்து நான்கு வயது. இப்போது முப்பத்து மூன்று.

தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு மைசூர் வந்த குடும்பம். அப்பா காளியப்பன் கொத்தனார். மஞ்சள் காமாலை வந்து, நாட்டு மருந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்து, ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். அம்மா பொன்னம்மாவும் தம்பி மனோஜ்குமாரும் சோனியாவும் மேட்டகள்ளிப் பக்கம் ஒரு லைன் வீட்டில் இருந்தார்கள். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள், நடுவில் ஒரே குழாய். அந்த லைனில் முக்கால்வாசிப் பேர் ஹனூர், கொள்ளேகால் ஆட்கள்தான். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். மனோஜ்குமாருக்குக் கோபம் வந்தால் கன்னடம்தான் முதலில் வரும். அவன் சென்ட்ரிங் வேலைக்குப் போனான். கான்கிரீட் போடுவதற்கு முன் கீழே தகடு அடித்து முட்டுக் கொடுக்கிற வேலை. அக்காவைவிட எட்டு வயது சின்னவன்.

சோனியாவுக்குக் கல்யாணம் ஒன்று நிச்சயமாகி நின்றுபோனது. ஷிப்ட் வேலை வேண்டாம் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். வேலையை விடுவதா வேண்டாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர்கள் வேறு பெண் பார்த்துவிட்டார்கள். அவளுக்குப் பெரிய வருத்தமும் இல்லை.

வேலையில் அவள் கெட்டிக்காரி. ஓரிடத்துக்குப் போய் இறங்கியதும் யார் அதிகமாகக் கத்துகிறார்கள் என்று அவள் பார்ப்பதில்லை. கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது. கத்தாதவன் எங்கே என்று தேடுவாள். முகத்தின் நிறத்தைப் பார்ப்பாள். கையைத் தொட்டுப் பார்ப்பாள். விஜயநகரில் நாராயணஸ்வாமி என்ற ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் வீட்டுக்கு ஒருமுறை போனார்கள். மனிதர் நாற்காலியில் அமர்ந்து, வீணாக உங்களை அலைய வைத்துவிட்டார்கள் என்று மன்னிப்புக் கேட்டார். பேசும்போது வாய் ஒரு பக்கம்தான் அசைந்தது. சோனியா அவரை இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னாள். வலது கை தானாகக் கீழே இறங்கியது. அது இறங்குவது அவருக்கே தெரியவில்லை. மூளைக்குப் போகும் ரத்தம் அடைபட்டிருந்தது. உடனே கொண்டுபோனதால் பிழைத்தார். இப்படிப் பல. வீட்டுக்கு வந்து இதையெல்லாம் அவள் சொல்வதில்லை. அம்மா கேட்டால், "எல்லாம் ஒரே மாதிரிதாம்மா" என்பாள்.

அந்த விபத்து நடந்தது தை பிறந்த புதிதில், பனி விலகாத ஒரு காலையில்.

சோனியாவின் வண்டி அப்போது வெளிவட்டச் சாலைக்கு அப்பால் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிற்கும். ஓட்டுநர் மதன். மைசூரிலேயே பிறந்த தமிழன். அதிகம் பேசமாட்டான், ஆனால் வண்டியைக் குலுங்காமல் ஓட்டுவான். வருணா கிராமம் தாண்டி ஒரு வளைவில் கூலியாட்கள் ஏறிய சரக்கு வண்டி கவிழ்ந்திருக்கிறது என்று அழைப்பு வந்தது. கூலியாட்களை ஏற்றிக்கொண்டு காலையில் ஊருக்கு வெளியே போகும் வண்டிகள் எத்தனையோ. சோனியா வேறெதுவும் நினைக்கவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டாள்.

வண்டி கால்வாய்க் கரையில் ஒருக்களித்துக் கிடந்தது. ஆட்களோடு சென்ட்ரிங் தகடுகளையும் சேர்த்து ஏற்றியிருந்தார்கள். கவிழ்ந்தபோது தகடுகள் ஆட்கள்மேல் சரிந்திருந்தன. சாலையோரம் எங்கும் சாப்பாட்டுத் தூக்குகள் திறந்து சோறு கொட்டிக் கிடந்தது. கீழே இறங்கியதும் முதலில் அவள் கண்ணில் பட்டவர் கெம்பையன். அவளுடைய லைனில் நான்கு வீடு தள்ளி இருப்பவர். அவர் தரையில் உட்கார்ந்து மனைவி சுந்தராம்பாளின் தலையை மடியில் வைத்திருந்தார். சுந்தராம்பாள் கத்திக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் இது தன் தம்பி போகிற வண்டி என்று சோனியாவுக்குப் புரிந்தது.

மனோஜ்குமார் நடந்துகொண்டிருந்தான். கையில் தண்ணீர்ப் பாட்டிலோடு ஒவ்வொருவராகப் போய்க் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அக்காவைக் கண்டதும் கையை ஆட்டினான்.

"எனக்கு ஒண்ணுமில்லக்கா. நீ சுந்தராம்பாளக்காவப் பாரு. கால் போச்சு அவுங்களுக்கு."

அவள் முதலில் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். அப்படித்தான் பார்க்க வேண்டும். ஒருவரிடமே நின்றுவிடக் கூடாது. சிராய்ப்பு, உடைந்த மணிக்கட்டு, கிழிந்த நெற்றி. நெற்றிக் காயம் முகமெல்லாம் ரத்தமாகப் பயமுறுத்தும், ஆனால் காத்திருக்கும்.

"மேடம், இல்லி நோடி, இவ்ருகெ எச்சர இல்ல!" பக்கத்துக் கரும்புத் தோட்டக்காரர் ஒருவர் கன்னடத்தில் கூவினார். நினைவில்லாமல் கிடந்தவர் அய்யாசாமி. கம்பி கட்டுகிறவர். துண்டால் விசிறிக்கொண்டிருந்த இன்னொருவன், "மயக்கமுங்க, தூங்கறாரு" என்றான். குறட்டை கேட்டது. அது தூக்கத்தின் குறட்டை அல்ல. நாக்கு பின்னால் விழுந்து மூச்சை அடைக்கும் சத்தம். ஒரு காதில் ரத்தம் கசிந்தது. இமையைத் தூக்கி வெளிச்சம் காட்டினாள். ஒரு கண்ணின் பாவை விரிந்து அப்படியே நின்றது. மண்டைக்குள் ரத்தம். கழுத்து அசையாமல் தாடையை மட்டும் முன்னால் தூக்கி, மதனிடம் அதே நிலையில் பிடிக்கச் சொன்னாள். குறட்டை நின்று மூச்சு சீராக வந்தது.

பிறகு சுந்தராம்பாளிடம் வந்தாள். சித்தாள் வேலை பார்க்கிறவள், நாற்பத்தைந்து வயது இருக்கும். முழங்காலுக்குக் கீழே கால் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. பாதத்தின் மேல் விரலை வைத்து நாடியைத் தேடினாள் சோனியா. இருந்தது. பாதம் சூடாகவும் இருந்தது. காலை மெல்ல நேராக்கி மட்டை வைத்துக் கட்டினாள். சுந்தராம்பாள் அவளுடைய தோளைக் கடிக்காத குறையாகக் கத்தினாள். கட்டிய பிறகும் நாடியைப் பார்த்தாள். அப்போதும் இருந்தது. இன்னொரு வண்டி வேண்டும் என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னாள். ஊருக்குள்ளிருந்து கிளம்பும் என்றார்கள்.

அவளுடைய வண்டியில் ஸ்ட்ரெச்சரில் ஒருவர் படுக்கலாம். பக்கத்துப் பெஞ்சில் இன்னொருவரைப் படுக்கவைக்கலாம். ஸ்ட்ரெச்சர் அய்யாசாமிக்கு; அவரை ஏற்றி, மதன் தாடையைப் பிடித்தபடி உள்ளே இருந்தான். பெஞ்சு யாருக்கு என்பதிலும் அதுவரை சந்தேகமில்லை.

திரும்பியபோது தம்பி பாட்டிலை வாயில் வைத்துக் குடிக்கப் போனான்.

"குடிக்காத."

"தாகம்க்கா. கெட்ட தாகமா இருக்குது."

அவள் பாட்டிலைப் பிடுங்கினாள். அவனுடைய மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றிருந்தது. பேசினால் வாயிலிருந்து புகை வரும் குளிர் அது. அவன் வலது கையால் இடது தோளைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"தோள்ல அடியா?"

"இல்ல. தகடு இங்கதான் தட்டுச்சு." இடது விலாவுக்குக் கீழே காட்டினான். "இது அவ்வளவா வலிக்கல. தோள்தான் என்னமோ கொடையுது."

சட்டையை விலக்கித் தோளைப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. விலாவில் ஒரு சிவந்த கோடு. அவ்வளவுதான். கையைப் பிடித்தாள். ஈரமாக, குளிர்ந்து இருந்தது. நாடி நூல்போல மெலிந்து ஓடியது. வயிற்றில் இடப்பக்கம் விரலால் அழுத்தினாள். அவன் வளைந்துபோனான்.

விலாவுக்கு அடியில் மண்ணீரல் இருக்கிறது. அது கிழிந்தால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது. வயிற்றுக்குள் ரத்தம் தேங்கி மேலே முட்டும்போது வலி தோளில் வந்து பேசும். இளவயது உடம்பு கடைசிவரை சமாளிக்கும். நடக்கவும் தண்ணீர் கொடுக்கவும் கையை ஆட்டவும் விடும். பிறகு ஒரே அடியாகச் சரிந்துவிடும். இதை அவள் படித்திருந்தாள். இரண்டு பேரிடம் பார்த்தும் இருந்தாள். அதில் ஒருவன் தன் கால்களாலேயே நடந்து வண்டியில் ஏறி, வழியில் செத்துப்போனான்.

"ஏறு" என்றாள்.

"எனக்கு எதுக்குக்கா? சுந்தராம்பாளக்கா..."

"படு."

அவனைத் தாங்கி அழைத்துப் போய் வண்டியின் பெஞ்சில் படுக்கவைத்தபோது கெம்பையன் எழுந்து வந்தார். கூடவே நாலைந்து பேர். அவர் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன அம்மிணி இது? நடக்கறவன ஏத்திக்கிட்டு, நிக்க முடியாதவள உட்டுட்டுப் போற?"

"மாமா, அவனுக்கு உள்ள ரத்தம் போகுது. அக்காவுக்கு இன்னொரு வண்டி வருது. காலுக்கு ரத்த ஓட்டம் இருக்கு, பார்த்துட்டேன்."

"உள்ள போறத நீ கண்ணால பாத்தியா?"

"இல்ல."

"உன்ர தம்பிங்கிறதாலதான ஏத்தற?"

அவள் தம்பிக்குக் கம்பளியை இழுத்துப் போர்த்தினாள். கெம்பையன் கேட்ட அதே கேள்வியை, தம்பியின் கையைத் தொட்ட கணத்தில் அவளும் கேட்டிருந்தாள். குளிர்ச்சி அவனுடைய கையிலா, தன் கையிலா? நாடி அவனுடையது ஓடுகிறதா, தன்னுடையது ஓடுகிறதா? இரண்டாவது முறையும் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறச் சொன்னாள். அதற்குமேல் யோசிக்க நேரம் இல்லை.

பின்னால் சுந்தராம்பாள் கத்தினாள். "ஐயோ, என்ன உட்டுட்டுப் போவாதீங்கோ!"

அய்யாசாமியின் தாடையை அவளிடம் விட்டுவிட்டு மதன் இறங்கி, கன்னடத்திலும் தமிழிலும் கும்பிட்டுக் கெஞ்சி ஆட்களை விலக்கினான். கதவு சாத்தப்பட்டது.

வண்டிக்குள் ஒரு கையால் அய்யாசாமியின் தாடையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். மற்றக் கை தம்பியின் மணிக்கட்டில். இருவருக்கும் ஆக்சிஜன் ஓடியது. தம்பிக்கு ட்ரிப்ஸ் ஏற்றிக் கம்பளி போர்த்தியிருந்தாள். பாதி வழியில் அவன், "அக்கா, பஸ் எதுக்கு இவ்வளவு வேகமாப் போவுது?" என்றான். பிறகு பேசவில்லை. ரத்த அழுத்தம் விழுந்தது. மருத்துவமனைக்கு முன்கூட்டியே போன் செய்து, இரண்டு பேர், ஒருவருக்கு மண்டையில், ஒருவருக்கு வயிற்றுக்குள் ரத்தப்போக்கு என்று தெளிவாகச் சொன்னாள். தன் குரல் அறிவிப்பு வாசிப்பதுபோல இருந்ததை அவளே கேட்டாள். அந்தப் பயணத்தில் எங்கேயோ, இவன் தன் தம்பி என்பது அவளுக்குள் அணைந்துபோனது. வயது இருபத்தைந்து, ஆண், இடது மேல்வயிற்றில் அடி. அவ்வளவுதான் மிச்சம் இருந்தது.

மனோஜ்குமாரை நேராக ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். மண்ணீரல் இரண்டாகப் பிளந்திருந்தது. அதை எடுத்துவிட்டு, ரத்தம் ஏற்றிப் பிழைக்கவைத்தார்கள். வெளியே வந்த பெண் டாக்டர் முகக்கவசத்தை இறக்கிவிட்டு, "இன்னும் கொஞ்சம் தாமதம் ஆகியிருந்தா என்கிட்ட வந்தே சேர்ந்திருக்க மாட்டார். நீங்கதான் கொண்டுவந்ததா?" என்றார்.

"ஆமாம் டாக்டர்."

"உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"தம்பி."

டாக்டர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். சோனியா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு விடுவித்துக்கொண்டு கீழே போய், மதனோடு சேர்ந்து வண்டியைக் கழுவினாள். ஸ்ட்ரெச்சரில் புது விரிப்புப் போட்டாள். அடுத்த அழைப்பு ஒரு பிரசவ வலி. போனாள்.

இரண்டாவது வண்டி கிளம்பியது உண்மை. ஆனால் விபத்தைப் பார்க்க நின்ற லாரிகளும் பைக்குகளும் அந்தச் சாலையை அடைத்திருந்தன; அது வந்து சேர நெடுநேரம் ஆனது. சுந்தராம்பாளைச் சேர்த்த முதல் ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் இருந்தார், ரத்தக் குழாயைத் தைக்கிறவர் இல்லை. அதற்குள் பாதம் குளிர்ந்து நிறம் மாறத் தொடங்கியிருந்தது. முழங்காலுக்குப் பின்னால் போகும் குழாய் உட்புறம் நைந்து, சிறிது சிறிதாக அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. முதலில் நாடி இருந்ததும் உண்மை, பிறகு இல்லாமல் போனதும் உண்மை. வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அங்கே பார்த்துவிட்டு முழங்காலுக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள்.

அய்யாசாமி மூன்றாம் நாள் இறந்துபோனார்.

லைனில் கணக்கு எளிமையாக இருந்தது. அவள் ஏற்றிக்கொண்டு போன இரண்டு பேரில் ஒருவர் எப்படியும் செத்தார். இன்னொருவன் அவளுடைய தம்பி. அவள் விட்டுவிட்டு வந்தவளுக்குக் கால் இல்லை. அய்யாசாமியின் வீட்டார் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கெம்பையன் சொன்னார். குழாயடியில், டீக்கடையில், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும். "அவன் நடந்துக்கிட்டிருந்தானுங்க. என்ர கண்ணால பாத்தேன். தண்ணி பாட்டலப் புடிச்சுக்கிட்டு நடந்துக்கிட்டிருந்தான்." கேட்டவர்களில் பலரும் அதைப் பார்த்தவர்கள்தான். அவனுடைய வயிற்றுக்குள் இருந்ததை யாரும் பார்க்கவில்லை.

பொன்னம்மா குழாய்க்குப் போனால் பெண்கள் குடத்தை நகர்த்திக்கொண்டு பேச்சை மாற்றினார்கள். அவள் வீட்டுக்கு வந்து அழுவாள். சோனியா அழவில்லை. அழுகையை அடக்கியதாகவும் சொல்ல முடியாது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவதுபோல இருக்குமே, அப்படி இருந்தது அவளுக்கு. அம்மா சோறு போட்டால் சாப்பிட்டாள். தட்டு காலியானதும் எழுந்தாள். அலுவலகத்தில் அழைத்து, ஏன் அந்த முடிவு எடுத்தாய் என்று விசாரித்தார்கள். கண்டதைக் கண்டபடி சொன்னாள். சரியான முடிவு என்றார்கள். ஓய்வு வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றாள். வீட்டில் இருந்து என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வேலையில் எந்தக் குறையும் வரவில்லை. ரயில் நிலையத்தில் சர்க்கரை குறைந்து உளறியவரைக் குடிகாரன் என்று போலீஸ்காரர் விரட்டப் பார்த்தார். சோனியா விரலில் குத்திப் பார்த்து குளுக்கோஸ் ஏற்றினாள். அவர் எழுந்து உட்கார்ந்து அவளைக் கும்பிட்டார். அவள் தலையசைத்துவிட்டு ஊசியைப் பெட்டியில் போட்டாள். மதன்தான் கவனித்தான்.

"சிஸ்டர், நீங்க ஏதாவது பேசுங்களேன். சும்னே பேசாம உக்காந்திருக்கீங்க."

"என்ன பேசணும் மதன்?"

அவன் வண்டியைக் கிளப்பினான்.

மனோஜ்குமார் வீட்டுக்கு வந்தான். நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள்வரை தையல். ஆறுவதற்குள் ஒருநாள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு கேட்டான்.

"அக்கா, நான் நெஜமாலுமே செத்திருப்பனா?"

"ம்."

"எனக்கு ஒண்ணும் தோணலையேக்கா. நடந்துட்டுத்தான இருந்தேன்."

"டாக்டர் சொன்னாங்கல்ல."

"சொன்னாங்க." விரலால் தையலைத் தடவினான். "ஆனா கொத்தில்லக்கா." தெரியவில்லை என்பதைக் கன்னடத்தில்தான் சொன்னான். உடம்பு தேறியதும் லைனில் இருக்க முடியாமல் ஓசூருக்குப் போய் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்துகொண்டான். மாதத்துக்கு ஒருமுறை வருவான். வந்தால் வாசலில் நிற்காமல் உள்ளே போய்விடுவான்.

வெயில் ஏறத் தொடங்கிய மாதத்தில் சுந்தராம்பாளிடமிருந்து ஆள் வந்தது. காலை எடுத்த இடத்தில் சுற்றும் பட்டைத் துணி நிற்கமாட்டேன் என்கிறது, வீங்குகிறது, உன் மகளை வரச் சொல்லு என்று பொன்னம்மாவிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். பொன்னம்மா பயந்தாள். "போவாத கண்ணு. எதுக்குக் கூப்புடறாளோ." சோனியா கெம்பையன் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் போனாள்.

சுந்தராம்பாள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வா என்றும் சொல்லவில்லை. புடவையை விலக்கி மிச்சக் காலைக் காட்டினாள். சோனியா தரையில் மண்டியிட்டு, பழைய சுற்றைப் பிரித்து, தையல் ஆறியிருக்கிறதா என்று பார்த்து, நுனியில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் குறுக்குக் குறுக்காகச் சுற்றத் தொடங்கினாள். சுந்தராம்பாள் அவளுடைய உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ஒண்ணு கேக்கறேன். அவன் உன்ர தம்பியா இல்லாட்டி என்னைய ஏத்தியிருப்பியா?"

"இல்லக்கா. அப்பவும் அவனத்தான் ஏத்தியிருப்பேன்."

"நெஜமா?"

சோனியாவின் கை நின்றது. "அப்படித்தான் நெனைக்கறேன். தெரியலக்கா."

வெளியே யாரோ மோட்டார் போட்டார்கள்.

"நான் கூப்புட்டது உனக்குக் கேட்டுச்சா அன்னிக்கு?"

"கேட்டுச்சு."

"ம்." காலை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். "நல்லா இறுக்கிச் சுத்து. லூசா இருந்தா இல்லாத வெரலெல்லாம் அரிக்குது."

அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள் சோனியா போனாள். பேசிக்கொள்ள மாட்டார்கள். சில நாள் டீ இருக்கும், சில நாள் இருக்காது. கெம்பையனுக்குத் தெரியும் என்றுதான் தோன்றியது. அந்த நேரத்தில் அவர் வீட்டில் இருப்பதில்லை.

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரத்தில், சுந்தராம்பாளின் பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்தாள். "அக்கா, பேக வா, சீக்கிரம். கெம்பையண்ணனுக்கு என்னமோ பண்ணுது." சோனியா செருப்புப் போடாமல் போனாள்.

கெம்பையன் வாசல் படியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். கையில் சோடா பாட்டில். "வாயு. மொச்சைக் கொட்டை தின்னது ஒத்துக்கல" என்றார் யாரையும் பார்க்காமல். முகம் சாம்பல் பூத்திருந்தது. பனியன் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு கையால் கீழ்த்தாடையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, பல்லு வலிக்குதா?"

"பல்லில்ல. தாடையெல்லாம் கனமா இருக்குது. நீ எதுக்கு வந்த?"

"நெஞ்சு?"

"நெஞ்சு வலி இல்ல. யாரோ ஏறி உக்காந்தாப்பல இருக்குது. ஏப்பம் உட்டாச் செரியாப் போயிரும்." எழுந்து நடக்கப் பார்த்தார்.

"நடக்காதீங்க." அவள் அவருடைய தோளை அழுத்தி உட்காரவைத்தாள். மாரடைப்பு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதுதான் மாரடைப்பு என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தாடையில் வரும், கையில் வரும், வாயுத் தொந்தரவுபோலவும் வரும். போனை எடுத்து வண்டிக்குச் சொன்னாள். வீட்டுக்கு ஓடி ஆஸ்பிரின் மாத்திரை எடுத்து வந்து, மென்று முழுங்கச் சொன்னாள்.

கெம்பையன் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அவளை அப்போதுதான் நேராகப் பார்த்தார். "நீ சொன்னா நான் நம்போணுமா? எனக்கு ஒண்ணுமில்ல. வண்டியெல்லாம் வேண்டாம்."

சுந்தராம்பாள் ஊன்றுகோலில் வாசலுக்கு வந்து நின்றாள். "அவ கைய வெச்சுப் பாத்துட்டா. இனி உனக்கு இருக்குதா இல்லையான்னு நீ சொல்லாத. என்னையாட்டம் கத்தற சீக்கு இல்ல இது. மென்னு முழுங்கு."

அவர் முழுங்கினார்.

வந்தது வேறு குழுவின் வண்டி. சோனியாவும் ஏறிக்கொண்டாள். நெஞ்சில் ஒட்டுகளை ஒட்டி எடுத்த இ.சி.ஜி. வரைபடத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது. வண்டி வெளிவட்டச் சாலையில் ஏறியபோது கெம்பையன் ஆக்சிஜன் முகமூடியைக் கொஞ்சம் விலக்கினார்.

"அந்தப் பையனுக்கும் இப்புடித்தான் வேர்த்துச்சா?"

"ஆமாங்க மாமா."

அவர் அதைத் தானே திரும்பப் பொருத்திக்கொண்டு கண்ணை மூடினார்.

அடைப்பை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிறகு அவர் நன்றி சொல்லவில்லை. விபத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. டீக்கடையில் பேசுவதையும் விட்டுவிட்டார் என்று மதன் யாரிடமோ கேள்விப்பட்டு வந்து சொன்னான். கனமான வேலை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், குடும்பத்துக்கு இப்போது சுந்தராம்பாளின் சம்பாத்தியம்தான். லைன் முனையில் இருக்கிற மாவு மில்லில் முன்னால் உட்கார்ந்து ராகியும் கோதுமையும் வாங்கி வைக்கிறாள். பொய்க்கால் கொடுத்தார்கள். அது குத்துகிறது என்று அவள் அதைப் போடுவதில்லை. பெண்கள் பொன்னம்மாவிடம் பேசுகிறார்கள். எல்லோரும் இல்லை.

சோனியாவிடம் மாற்றம் எதுவும் தெரியவில்லை. இப்போது மனசு லேசாகியிருக்குமே என்று மதன் கேட்டபோது, எடை பார்ப்பவள்போல யோசித்துவிட்டு, "அப்படி ஒண்ணும் இல்ல" என்றாள். பொய் சொல்லவில்லை. கெம்பையனை இறக்கிவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோதும் அவளுக்கு உறைத்தது ஒன்றுதான், செருப்பில்லாத காலுக்குத் தரை ஜில்லென்று இருந்தது.

அந்த வருஷத்தில் முதல்முறையாகப் புரட்டாசியில் இரண்டு நாள் லீவு எடுத்தாள். பகலெல்லாம் தூங்கினாள். இரண்டாம் நாள் மத்தியானம் பொன்னம்மா வந்து நெற்றியைத் தொட்டாள், உள்ளங்கையைத் தொட்டாள்.

"அம்மிணி, உடம்புக்கு என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணலம்மா. தூக்கம்."

பொன்னம்மா எழுந்து போகவில்லை. பாத்திரம் அப்படியே கிடந்தது, குழாயில் தண்ணீர் வரும் நேரமும் ஆகியிருந்தது. மகளின் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அவள் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சோனியா கையை இழுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் எழுந்து முகம் கழுவி, சீருடைக்கு இஸ்திரி போட்டாள். மறுநாள் காலை ஷிப்ட்.